குழிகளைத் தொடாதீர்கள்

எங்கள் தெருவுக்கு ரோடு வேண்டும் என்று போய்க் கேட்டேன் பாருங்கள், அதுதான் நான் செய்த தப்பு. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒரு கெட்ட ரோடாவது எங்களுக்கு மிஞ்சியிருக்கும்.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், டயாலிசிஸ் மெஷினோடு படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். அங்கே மெஷின் கொஞ்சம், ஆள் அதிகம். நேரத்துக்குப் போகாவிட்டால் அடுத்தவரை ஏற்றிவிடுவார்கள். கோபப்படவும் முடியாது, அடுத்தவருக்கும் அதே நோய்தான். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும், படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியும். அப்படி விடிந்த நாட்களை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எதிரிக்கும் வேண்டாம்.

என் மச்சினன் ஆட்டோ ஓட்டுகிறான். அவன்தான் அக்காவைக் கூட்டிப்போவான். ஊசி குத்துவதற்கென்றே ஆபரேஷன் செய்து வைத்த இடது கையை அவள் மடியில் துண்டு போட்டு அதன்மேல் வைத்துக்கொள்வாள். அந்தக் கையில் அடிபடக் கூடாது. எங்கள் தெருவிலோ குழிக்கு நடுவில் அங்கங்கே ரோடு. ஆட்டோ ஒரு குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொள்வாள், மச்சினன் பல்லைக் கடிப்பான், நான் யாரையாவது திட்டுவேன். இப்படியே எத்தனை நாள் ஓட்டுவது என்றுதான் ஒருநாள் என் ஜன்னல் கண்ணாடிக் கடையை இழுத்து மூடிவிட்டு வளர்ச்சி வாரியத்துக்குப் போனேன்.

வாரியம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் வேலை நடப்பதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள், எழுத்தே வெளுத்துப்போயிருந்தது. படிக்கட்டில் இரண்டு படி பெயர்ந்து கிடந்தது, அதற்கு மேல் ஒரு பலகை போட்டிருந்தார்கள். பலகையைத் தாண்டி மேலே போனால் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதை முழுக்க எல்லாரும் நல்ல மனிதர்கள்தான், அதுதான் என் தலைவலியே.

"ரோடு போடறதுக்கு எங்ககிட்ட நிதி இல்லைங்க," என்றார். "வளர்ச்சிக்குத்தான் நிதி இருக்கு."

"ரோடு வளர்ச்சி இல்லீங்களா சார்?"

"வளர்ச்சி வந்ததுக்கு அப்புறம் வர்றது ரோடு. உங்க தெருவுல வளர்ச்சி வந்திருக்கா?"

"வரணும்னா ரோடு வேணுமே சார்."

"பாத்தீங்களா, இன்னும் வரலைன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க."

நான் என் மனைவியின் நிலைமையைச் சொன்னேன். அவர் உச்சுக் கொட்டினார். நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு சுவரில் குண்டூசிகள் குத்தியிருந்த ஊர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, "இந்த வருஷம் ஒரே ஒரு தலைப்புலதான் பணம் வந்திருக்கு. தொன்மையான இடங்களுக்குப் போற சாலைகள். உங்க தெருவுல பழைய கட்டடம், பழைய கோட்டைச் சுவர், அந்த மாதிரி எதாவது..." என்று இழுத்தார்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "எல்லாம் நாங்க கடன் வாங்கிக் கட்டின வீடுங்க சார். எங்க தெருவுல பழசுன்னா அந்த ரோடு ஒண்ணுதான். நான் கல்யாணம் ஆகிக் குடிவந்தப்ப எந்தக் குழி எங்க இருந்துச்சோ, இன்னிக்கும் அங்கேயே இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அங்கேயேவா இருக்கு? இத்தனை வருஷமா யாருமே தொடலையா?"

"யாரு சார் தொட்டா?"

அவர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து நான் சந்தோஷமாகப் பலகையைத் தாண்டி இறங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து, "ரோடு வருது," என்றேன். "யார்கிட்ட சொன்னீங்க, என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் என் மனைவி. என்னை நன்றாகத் தெரிந்தவள். அப்போதே அவளுக்குச் சந்தேகம்தான்.

அடுத்த வாரம் பாரம்பரியப் பாதுகாப்புத் துறையிலிருந்து ஓர் அம்மா வந்தார். கையில் சின்னப் பிரஷ், தோளில் பை. எங்கள் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிற பெரிய குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பிரஷ்ஷால் ஓரத்தை மெல்லத் தட்டித் தட்டிப் பார்த்தார். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா தைத்துக்கொண்டிருந்த துணியோடு எழுந்து வந்துவிட்டார்.

"பாருங்க, எவ்வளவு தெளிவா அடுக்கு தெரியுது!" என்றார் துறை அம்மா. "அந்தக் காலத்துல ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு அடுக்கு போட்டிருக்காங்க. கீழ இருக்கிறது தடிமனா இருக்கு, பாருங்க. மேல வரவர மெலிசாகுது. கடைசியாப் போட்டது தாள் மாதிரி இருக்கு, அதுக்கப்புறம் யாரும் தொடவே இல்ல. நம்ம நிர்வாகத்தோட வரலாறு முழுக்க இந்த ஒரு குழிக்குள்ள இருக்குங்க. வேற எந்த ஊர்லயும் இப்படிக் கிடைக்காது."

"வேற ஊர்ல மூடிடுவாங்கல்ல," என்றார் தையல்காரம்மா.

"அதேதான்!" என்றார் துறை அம்மா, மனம் நெகிழ்ந்து.

அன்று சாயங்காலமே குழிகளைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். தையல்காரம்மா வீட்டு வாசலில் இருந்த குழியை அவர் தன் செலவில் செங்கல் ஜல்லி போட்டு மூடி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் துறை அம்மாவின் முகம் வாடிவிட்டது. சிதைவு என்று எழுதிக்கொண்டார். இரண்டு நாளில் கடப்பாரையோடு ஒரு கூட்டம் வந்தது. எங்கள் தெருவுக்கு ரோடு வேலை ஆட்கள் வந்ததை என் மகள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். வெளியூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தவள், போட்டோ எடுத்துக்கொண்டாள். வந்தவர்கள் குழியைத் தோண்டி மறுபடியும் குழியாக்கினார்கள். பழைய ஆழம் எவ்வளவு என்று கேட்டார்கள். "இதுல விழுந்துதான் என் முட்டி போச்சு," என்று தையல்காரம்மா காலைக் காட்டினார். அவர் காலை வைத்து அளந்து அதே அளவுக்குத் தோண்டிவிட்டு, மறுசீரமைப்பு முடிந்தது என்று பலகை நட்டுவிட்டுப் போனார்கள்.

அது வரைக்கும் கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த பலகைதான் எங்கள் வயிற்றில் அடித்தது. "குழிகளைத் தொடாதீர்கள். வாகனங்களுக்கு அனுமதி இல்லை" என்று தெரு முனையில் இரும்புக் குழாயை நட்டு எழுதிவிட்டார்கள். மச்சினனின் ஆட்டோ முனையிலேயே நின்றது.

நான் துறை அம்மாவிடம் ஓடினேன். நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க மனைவிக்கு என்ன வயசு?"

"நாப்பத்தாறுங்க."

"நூறு வருஷத்துக்கு உட்பட்டது எதுவும் எங்க துறைக்குள்ள வராதுங்களே," என்றார் வருத்தத்தோடு.

"ரோடு மட்டும் நூறு வருஷத்து ரோடாங்க?"

"அதுக்கு விதிவிலக்கு வாங்கிட்டோம். உங்க மனைவிக்கு வேணும்னா எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன். அடுத்த கூட்டத்துல வைப்பாங்க."

கூட்டம் நடக்கும்வரை ரத்தம் காத்திருக்குமா? மச்சினன் ஒரு யோசனை சொன்னான். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று எங்களிடம் இருந்தது. என் கடையில் ஜன்னல் சட்டத்துக்கு வைத்திருந்த அலுமினியக் குழாய் இரண்டை அதன் கைப்பிடிகளுக்கு அடியில் வைத்து இறுக்கிக் கட்டினோம். முன்னால் அவன், பின்னால் நான். குழிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, கயிற்றில் கால் தடுக்காமல், முனை வரைக்கும் தூக்கிப்போய் ஆட்டோவில் உட்காரவைப்போம். திரும்பி வரும்போதும் அப்படியே.

முதல் நாள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இப்படி ஊர் பாக்கத் தூக்கிட்டுப் போறதுக்கு நான் வீட்டுலயே கெடந்துடறேங்க," என்றாள். "சும்மா இரு அக்கா, நீ வெயிட்டே இல்ல," என்று மச்சினன் சமாதானம் சொன்னான். அதுதான் உண்மை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கல்யாணத்தின்போது நல்ல ஆரோக்கியமாக இருந்தவள்.

இதற்கிடையே ரோட்டுக்கு நிதி வந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது, வாரியத்து அதிகாரி வாக்குத் தவறவில்லை. தொன்மையான இடத்துக்குப் போகிற சாலைக்குத்தானே பணம்? தொன்மையான இடம் எங்கள் தெரு. ஆகவே எங்கள் தெரு முனை வரைக்கும் அருமையான ரோடு போட்டார்கள். நாலு வண்டி ஒரே நேரத்தில் போகலாம். நடுவில் பூச்செடி, ஓரத்தில் விளக்கு, பஸ் நிற்க இடம், உட்கார பெஞ்சு, முனையில் ஒரு அலங்கார வளைவு. வளைவுக்கு இந்தப் பக்கம் எண் போட்ட குழிகள். நான் வளைவுக்குக் கீழே நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தேன். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகு என் கடைக்கே வேலை வந்தது. பெரிய குழிகள் மூன்றுக்குக் கண்ணாடி மூடி போட வேண்டுமாம், மழைத் தண்ணீர் இறங்கி அடுக்கு கரையக் கூடாதாம். ஜன்னலுக்குப் போட்டிருக்கிறேன், அலமாரிக்குப் போட்டிருக்கிறேன், மீன் தொட்டிக்குப் போட்டிருக்கிறேன். குழிக்குக் கண்ணாடி போட்டது என் பிழைப்பில் அதுதான் முதல் தடவை. குழியின்மேல் அட்டையை விரித்து ஓரம் வரைந்து வெட்டி, அந்த வடிவத்திலேயே கெட்டிக் கண்ணாடி வரவழைத்தேன். வண்டிதான் உள்ளே வராதே, கையிலேயே தூக்கி வந்தோம்.

"மாமா, மூடி போட்டாச்சே," என்றான் மச்சினன். "இனிமே இது மேலயே நேரா நடந்து போயிடலாம்ல?"

"மேல நடந்தா கீறல் விழும்," என்றார் துறை அம்மா. "சுத்தி நாலடி தள்ளித்தான் போகணும்."

இப்படியாக நாற்காலிக்கு இருந்த கொஞ்ச வழியும் போனது. தையல்காரம்மா வீட்டுச் சுவரை ஒட்டி, சாக்கடை மூடியின் மேல் ஒவ்வொரு காலாக வைத்துப் போக ஆரம்பித்தோம்.

புது ரோடு வந்தபின் வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தார்கள். குழியை எவ்வளவு நேரம்தான் பார்ப்பார்கள்? நாங்கள் நாற்காலியோடு வரும்போது எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பிவிடுவார்கள். ஒருவர் கை தட்டினார். என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மறுவாரம் வாரியத்து அதிகாரியும் துறை அம்மாவும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தார்கள். "இந்த நாற்காலிப் பயணத்தை இந்தச் சாலையோட மரபுவழிப் போக்குவரத்துன்னு அறிவிச்சிருக்கோம்," என்றார் அதிகாரி. "வாழ்த்துகள்."

"சார், ரெண்டு மூணு மாசம் முன்னாடிதான் கட்டினோம் அதை."

"எல்லா மரபும் ஒரு நாள் தொடங்கினதுதானே," என்றார் துறை அம்மா கனிவாக. "தெருவைத் திறந்து வைக்க ஆளுங்கட்சித் தலைவர் வர்றார். அன்னிக்கு நீங்க அவசியம் தூக்கணும்."

தேதியைக் கேட்டேன். டயாலிசிஸ் நாள்.

"அன்னிக்கு அவ நேரத்துக்குப் போயாகணும் சார். முந்தின தடவையே மெஷின் ரிப்பேர்னு பாதியில அனுப்பிட்டாங்க. இப்பவே கால் வீங்கியிருக்கு. இந்தத் தடவை தவறக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார்."

"அதுக்கென்ன, தலைவர் காலையிலயே வந்துடுவார். முதல்ல உங்க மனைவிதான். எல்லாரும் பாக்க, கௌரவமா போகட்டும்."

அன்று விடிந்ததிலிருந்தே அவளுக்கு மூச்சு வாங்கியது. உதடு வறண்டு போய், தண்ணீர் குடித்தால் உடம்பிலேயே தங்கி வீங்கும் என்பதால் குடிக்கவும் கூடாமல், ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியைத் தெருவில் தயாராக வைத்திருந்தோம். கிளம்பிவிடலாம் என்றேன். "இப்ப அஞ்சு நிமிஷம், இப்ப அஞ்சு நிமிஷம்," என்று அதிகாரி எங்களை நிறுத்திக்கொண்டே இருந்தார். தலைவர் வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரி நேரத்துக்கு இன்னும் அரை மணிதான் இருந்தது. நாடாவை வெட்டினார். அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"எத்தனையோ ஆட்சிகள் வந்தன. எத்தனையோ திட்டங்கள் வந்தன. ஆனால் எங்கள் வாரியத்தின் ஒரு விரல்கூட இந்தச் சாலையின் மேல் படவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். இங்கே வசிப்பவர்கள் அனுப்பிய மனுக்கள் எங்கள் அலுவலகத்தில் ஓர் அறை நிறைய இருக்கின்றன. ஒன்றையாவது பிரித்துப் பார்த்திருந்தால், இந்தப் பாரம்பரியம் இன்று நமக்குக் கிடைத்திருக்குமா?"

நல்ல கைதட்டல்.

தலைவர் அந்தக் கைதட்டலோடு நேராக வந்து, நாற்காலியில் உட்கார்ந்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "மக்கள் படற கஷ்டத்தை நானும் ஒரு தடவை அனுபவிச்சுப் பாக்கணும்," என்றார். "தூக்குங்க."

நான் அதிகாரியைப் பார்த்தேன். "ஒரே ஒரு தடவை," என்று காதோடு சொன்னார். "முனை வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்து உங்க மனைவியைத் தூக்கிக்குங்க."

வாதாடினால் இன்னும் நேரமாகும் என்று தூக்கினோம். தலைவர் நல்ல கனம். அலுமினியக் குழாய் வளைந்தது. நடுத்தெருவுக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார், மைக்கை வாங்கினார்.

"ரோடு போட்டவங்களைத்தான் இது வரைக்கும் ஊர் பாராட்டியிருக்கு," என்று ஆரம்பித்தார். "போடாதவங்களை யார் பாராட்டினா? போடறதுக்குப் பணம் இருந்தா போதும். போடாம இருக்கறதுக்கு மனவுறுதி வேணும். அந்த உறுதி நம்மகிட்ட இருந்திச்சு..."

என் தோள் இற்றுப்போனது. அப்போது முன்னாலிருந்து மச்சினன் திரும்பிப் பார்த்தான். "மாமா, அக்கா வர்றா."

திரும்பினேன். அவள் படியை விட்டு எழுந்துவிட்டாள். இடது கையைத் துண்டோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு, வலது கையால் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக வந்துகொண்டிருந்தாள். இரண்டு அடி வைத்தால் நின்று மூச்சு வாங்கினாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை, துறை அம்மாவைத் தவிர. "அம்மா, அங்க கால் வைக்காதீங்க! அது ஏழாம் நம்பர்!" என்று கத்தினார். என் மனைவி ஏழாம் நம்பரின் ஓரத்தில் கால் சறுக்கி உட்கார்ந்துவிட்டாள்.

"இறக்கு," என்றேன் மச்சினனிடம்.

தலைவரை இருந்த இடத்திலேயே இறக்கி வைத்துவிட்டு ஓடினோம். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார் போல, அவர் பேச்சை நிறுத்தவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கைகளைக் கோத்து அவளை உட்காரவைத்துத் தூக்கினோம். அவள் வலது கையை என் கழுத்தில் போட்டுக்கொண்டாள். உடம்பு சில்லிட்டிருந்தது. குறுக்குவழியாக, கண்ணாடி மூடியின் மேலேயே நடந்து போனோம். கீறல் விழுந்ததா என்று திரும்பிப் பார்க்கவில்லை. விழுந்திருந்தால் ரொம்ப சந்தோஷம்.

வளைவைத் தாண்டி ஆட்டோவில் ஏற்றிக் கிளப்பினால், அந்த அருமையான ரோடு இருக்கிறதே, நாலு வண்டி போகிற ரோடு, அது முழுக்கத் தலைவரோடு வந்த கார்கள். இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை வரிசையாக நிறுத்திவிட்டு, டிரைவர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சினன் ஹாரன் அடித்தான், கையெடுத்துக் கும்பிட்டான், கடைசியில் கெட்ட வார்த்தையில் திட்டினான். ஒவ்வொரு காராக நகர்த்தச் சொல்லி நகர்த்தச் சொல்லித்தான் போக வேண்டியிருந்தது. அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். ரோடு வழவழவென்று இருந்தது, ஆட்டோ ஒரு தடவைகூடக் குலுங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுடைய மெஷினில் வேறொரு பெரியவர் படுத்திருந்தார். நர்ஸம்மா எங்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "எவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன்? சாயங்காலம் ஒண்ணு காலியாகும், அது வரைக்கும் ஆக்சிஜன் வச்சுப் பாக்கலாம். மூச்சு ரொம்ப முட்டிச்சுன்னா உடனே கூப்பிடுங்க," என்றபடி மாஸ்க்கை மாட்டிவிட்டார். பிறகு சுவரில் இருந்த டிவியைக் காட்டி, "உங்க தெருவைத்தான காட்டறாங்க? இவ்வளவு பெரிய ரோடு வந்தப்புறமும் என்னங்க லேட்டு?" என்றார்.

டிவியில் தலைவர் இன்னும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைத் தூக்க ஆள் இல்லாததால் பேச்சு நீண்டுகொண்டே போனது. ஒரு நோயாளித் தாயின் வலியை இன்று தன் உடம்பில் உணர்ந்ததாகச் சொன்னார். குரல் கம்மியது. அந்தத் தாயின் நினைவாக இந்த நாற்காலியை இன்றே அரசுடைமையாக்கிக் காட்சிக்கு வைக்கப்போவதாக அறிவித்தார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

என் மனைவி மாஸ்க்குக்கு மேலே கண்ணை அகலத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள்.

"ஏங்க," என்றாள், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கி. "அப்ப நான் வீட்டுக்கு எதுல வர்றது?"

மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் மாஸ்க்கைச் சரியாக மாட்டிவிட்டேன். சாயங்காலத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.